நிறுவை இல்லாத வேலை

தலவாக்கலையை அடுத்த ஒரு தோட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது என்பதால் அதைச் சுருக்கித் தருகிறேன்.

"மதிப்புக்குரிய அக்காவுக்கு, எனக்கு வயது 29. கொழும்பிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மூன்று வருடங்களாகப் புரொடக்ட் மனேஜராக இருக்கிறேன். கொரோனாக் காலத்தில் தோட்டத்துக்குத் திரும்பியதிலிருந்து வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். காலை எட்டரைக்குக் கொழும்புக் குழுவோடு நாள் தொடங்குகிறது. செவ்வாயும் வியாழனும் இரவு பத்தரைக்குக் கலிபோர்னியா வாடிக்கையாளரோடு கூட்டம். ஞாயிற்றுக்கிழமையும் போனைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு 58 மணித்தியாலம் வருகிறது. மாலையில் சமையலும் என்னுடையதுதான். தம்பி டவுனில் கடையில் வேலை செய்துவிட்டு ஆறு மணிக்கு வந்துவிடுவான். அம்மா 31 வருடம் கொழுந்து எடுத்தவர். நான் களைப்பு என்றால், 'கதிரையில உக்காந்திருக்கிறவளுக்கு என்ன களைப்பு?' என்று கேட்கிறார். ஆனாலும் என் இரவுக் கூட்டம் முடியும்வரை அவரும் படுப்பதில்லை. ஓய்வெடுத்தால் மனது குத்துகிறது. எடுக்காவிட்டால் வேலை ஓடவில்லை. மார்ச் கடைசியில் ஒரு பெரிய ரிலீஸ், அதாவது மென்பொருளின் புதிய பதிப்பு வெளியீடு, இருக்கிறது. அது முடிந்ததும் ஒரு வாரம் லீவு எடுக்கலாம் என்றிருக்கிறேன். இந்தத் தொழிலில் வேலையும் ஓய்வும் ஒத்துப்போகுமா, இல்லை, நான் வேறு வேலை தேட வேண்டுமா?"

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கேள்விகளுக்கு முன்னால் உங்கள் அம்மாவின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றவற்றுக்கான விடை அதற்குள்தான் இருக்கிறது. நானும் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் என் அம்மாவும் ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்டார். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கோபம் மட்டும் வந்தது. பதில் தெரிவதற்குப் பல வருடங்கள் பிடித்தன.

அம்மாவின் வேலைநாளை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் பெயர் பதிந்து வேலை பிரிக்கும் பிரட்டு, பிறகு மலை, இடுப்பில் படங்கு, தலையில் கூடைக்கயிறு, மழையானால் மழை, அட்டையானால் அட்டை. ஆனால் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்து கூடையை இறக்கியதும் தராசு ஒரு எண்ணைச் சொல்லும். அந்த எண் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்; கூடினால் கைக்காசு. தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோவைக் கழிப்பதில் நடக்கும் சண்டைகள் நம் இருவருக்கும் தெரியும். நிறுவை நியாயமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நிறுத்து முடிந்த பிறகு அம்மாவுக்கு ஓய்வு கிடைத்தது என்றும் சொல்ல மாட்டேன். தண்ணீரும் விறகும் அடுப்பும் லயத்தில் காத்துக்கொண்டிருந்தன. நான் சொல்ல வருவது வேறு. தராசு முள் நின்றதும், அன்றைய கொழுந்தைப் பற்றிய பேச்சு முடிந்துவிடும். காலையில் எந்த நிரையில் ஏறியிருக்கலாம், பக்கத்து மலையில் எடுத்திருந்தால் கூடியிருக்குமோ என்று இரவு பதினொரு மணிக்கு எந்தக் கங்காணியும் லயத்துக் கதவைத் தட்டிக் கேட்டதில்லை.

நம் வேலைக்கு அந்தத் தராசு இல்லை. நிரல் எழுதுவது பொறியியலாளர், திரையை வரைவது வடிவமைப்பாளர், விற்பது விற்பனைப் பிரிவு. புரொடக்ட் மனேஜர் செய்வது எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது, எதை முதலில் செய்வது என்று தீர்மானிப்பது மட்டும்தான். அந்தத் தீர்மானம் சரியா பிழையா என்பது ஆறு மாதம் கழித்துத் தெரியும். சிலவேளை தெரியாமலே போகும். மாலை ஐந்து மணிக்கு, இன்று எத்தனை கிலோ எடுத்தேன் என்று உங்களால் சொல்ல முடியாது, உங்கள் மேலதிகாரியாலும் சொல்ல முடியாது. எடை தெரியாத இடத்தில் எல்லோரும் கண்ணுக்குத் தெரிகிறதை எடுத்து அளக்கத் தொடங்குகிறார்கள்: செய்திக்கு யார் முதலில் பதில் போட்டார், யார் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இன்னும் எரிகிறது, யார் எல்லாக் கூட்டத்திலும் இருந்தார். உங்கள் 58 மணித்தியாலத்தில் பெரும்பகுதி இப்படி வந்தது என்பது என் ஊகம். மடுவமே இல்லாத மலையில் நாள் முழுக்கக் கூடையைச் சுமந்துகொண்டு நிற்கிறீர்கள்.

ஆகவே அம்மாவின் கேள்விக்கு நான் இப்படித்தான் பதில் சொல்வேன். கதிரையில் இருப்பதால் களைப்பு வருவதில்லை. இறக்கி வைக்க இடமில்லாததால் வருகிறது. இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். கூட்டம் முடியும்வரை தானும் படுக்காமல் இருக்கிறவருக்கு, மகள் எதையோ சுமக்கிறாள் என்பது ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. அது என்னவென்றுதான் தெரியவில்லை.

இந்தச் சுமைக்கு ஆராய்ச்சியிலும் ஒரு பெயர் உண்டு. 2009 இல் சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர், ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவும்போது மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதையும், அந்த மிச்சம் அடுத்த வேலையின் தரத்தைக் குறைக்கிறது என்பதையும் காட்டினார். 'கவன மிச்சம்' (attention residue) என்பது அவர் வைத்த பெயர். உங்கள் கடிதத்தில் ஒரு வியாழக்கிழமைக் கலண்டரை அப்படியே எழுதியிருந்தீர்கள். அதில் ஒன்பது கூட்டங்கள் இருந்தன; எதிலும் ஒரு விடயம் தீர்மானமாகி முடிந்ததாக எழுதவில்லை. ஒன்பதிலும் ஒவ்வொரு மிச்சம். இரவு பத்தரைக்குக் கலிபோர்னியாக்காரர் முன் வந்து உட்காரும்போது, அந்த ஒன்பதையும் கூட்டிக்கொண்டுதான் உட்காருகிறீர்கள். அடுத்த நாள் நேரம் கழித்து எழும்பினாலும் களைப்பு போகாததற்குக் காரணம் இதுதான். உடம்பு தூங்கியிருக்கும்; தீர்மானிக்காத விடயங்கள் தூங்காமல் இருந்திருக்கும்.

இனி மனக்குத்தல் பற்றி. "அம்மா அவ்வளவு பாடுபட்டார், நான் எப்படி ஓய்வெடுப்பது" என்ற எண்ணம் நேர்மையான எண்ணம்தான், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது ஒரு கணக்கை மறைக்கிறது. தலவாக்கலை டவுனில் சம்பள நாளில் ஒரு வங்கிக் கருமபீடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரேயொரு எழுதுவினைஞர் இருக்கிறார். ஆட்கள் ஒழுங்கில்லாமல் வருகிறார்கள். ஒருவருக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வரிசைகளைப் பற்றிய கணிதம் சொல்வது இது: அவர் தன் நேரத்தில் 80 சதவீதம் வேலையாக இருந்தால், அங்கே சராசரியாக நான்கு பேர் இருப்பார்கள். 90 சதவீதமானால் ஒன்பது பேர். 95 சதவீதமானால் பத்தொன்பது பேர். 80 இலிருந்து 95 க்குப் போவதில் அவர் சிறிதளவே கூடுதலாக உழைக்கிறார். வரிசையோ ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது. அந்த எழுதுவினைஞர் நீங்கள்தான். வரிசையில் நிற்பவர்கள் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும் பொறியியலாளர்களும் வடிவமைப்பாளர்களும் விற்பனைக்காரரும். உங்கள் கலண்டரில் வெற்றிடமே இல்லாமல் பார்த்துக்கொள்வது கடுமையான உழைப்புப் போலத் தெரியும். நடைமுறையில் அது உங்கள் குழுவின் எட்டுப் பேரை வேலையில்லாமல் நிறுத்தி வைக்கிறது. எனக்குத் தெரிந்தவரை, ஓய்வை நியாயப்படுத்த இதைவிடத் திடமான காரணம் வேறில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தக் கணக்கை நான் நட்டப்பட்டுத்தான் கற்றேன். பல வருடங்களுக்கு முன், வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் ஒரு சேவைக்குப் பொறுப்பாக இருந்தேன். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்து கொள்ளும். தமிழில் எழுதினால், எழுத்துக் குறியீட்டு முறை மாறுவதால், 70 தான் கொள்ளும். அதைத் தாண்டினால் செய்தி 67, 67 ஆகத் துண்டாகும், ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம். அதிலும் 'கி' என்பது நமக்கு ஓரெழுத்து, கணினிக்கு இரண்டு. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். கூட்டங்களில் மற்றவர்களுக்கு வகுப்பெடுத்ததே நான்தான். ஒரு வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு ஒரு பொறியியலாளர் தமிழ் வாசகத்தை அனுப்பி, இது சரியா என்று கேட்டார். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, "சரி, அனுப்புங்கள்" என்றேன். செய்தி 150 எழுத்து. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மூன்று துண்டாகப் போனது. மாத முடிவில் கட்டணப் பட்டியலும் மூன்று மடங்காக வந்தது. காலை பத்து மணிக்குக் கேட்டிருந்தால் முதல் பார்வையிலேயே பிடித்திருப்பேன். அந்த வாரம் நான் எத்தனை மணித்தியாலம் உழைத்தேன் என்று நிறுவனத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அது என் குற்றத்தைக் குறைத்திருக்காது.

நம் தொழிலில் விற்பனைக்கு இருப்பது ஒன்றுதான், தெளிவான தீர்ப்பு. களைத்த நிலையில் எடுக்கும் தீர்மானத்தின் செலவை, அதைச் செய்து முடிக்க மூன்று வாரம் உழைக்கும் ஒரு குழு கட்டுகிறது. ஆகவே ஓய்வெடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் வசதி பற்றிய கேள்வி மட்டுமல்ல. அது உங்கள் பொறுப்பின் ஒரு பகுதி.

சரி, என்ன செய்வது?

முதலில் மடுவத்தைக் கட்டுங்கள். ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்குங்கள். மாலை ஆறு மணிக்கு, லெப்டொப்பை மூடுவதற்கு முன், இன்று தீர்மானித்தவற்றை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். தீர்மானிக்காமல் விட்டவற்றை மறுபக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை எடுக்கப்போகும் நாளையும் அதற்காகக் காத்திருப்பவரின் பெயரையும் போடுங்கள். நாள் குறித்துத் தள்ளிவைத்த விடயம், நாள் குறிக்காமல் தொங்கும் விடயத்தைப் போல இரவில் வந்து தொந்தரவு செய்யாது. காத்திருப்பவருக்கும் ஒரு வரி அனுப்பிவிடுங்கள்: "இதை வியாழக்கிழமை காலை சொல்கிறேன்." அநேகமானவர்களுக்கு உடனே பதில் தேவைப்படுவதில்லை, எப்போது வரும் என்று தெரிந்தால் போதும். கொப்பி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. செயலியில் எழுதப் போனால் அதற்குள் இருக்கும் பன்னிரண்டு அறிவித்தல்களும் உங்களைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். இதில் ஏமாற்றவும் வேண்டாம். எதையும் தீர்மானிக்காத நாளில் முதற்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும். பத்து மணித்தியாலம் இருந்தும் பக்கம் வெறுமையாக இருக்கும் நாட்கள் எத்தனை என்று ஒரு மாதம் எண்ணிப் பார்த்தால், எந்தக் கூட்டங்களை விடலாம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. போனைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்கிறீர்கள். அதை மனவுறுதியால் தீர்க்க முயல வேண்டாம், அது சனிக்கிழமை இரவுக்குள் தீர்ந்துபோகும். எது அவசரம் என்பதைக் குழுவோடு உட்கார்ந்து எழுதி முடிவுசெய்யுங்கள். பாவனையாளர் எவரும் உள்ளே நுழைய முடியாமல் போவது, பணம் நடுவில் சிக்குவது, தரவு வெளியே போவது ஆகிய மூன்றும் போதும் என்று நினைக்கிறேன். இவற்றில் ஒன்று நடந்தால் உங்களுக்குத் தொலைபேசி அழைப்பு வர வேண்டும். குறுஞ்செய்தியோ வட்ஸ்அப்போ போதாது. மற்றவை எல்லாம் திங்கட்கிழமைக்குரியவை. அழைப்பு மணி அடித்தால்தான் அவசரம் என்று தெரிந்துவிட்டால், அடிக்காத போனை எடுத்துப் பார்க்கும் தேவை மெல்லக் குறையும். இன்னுமொன்று: அவசரம் வந்தாலும் முதலில் எழும்ப வேண்டியவர் முறைப்படி அந்த வாரத்துக்குரிய பொறியியலாளர்தான். புரொடக்ட் மனேஜர் இரவுக் காவல்காரர் அல்லர். அதேபோல, இரவு பத்து மணிக்கு உங்களுக்கு ஒரு யோசனை தோன்றினால் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் காலை ஒன்பதுக்கு அனுப்பும்படி நேரம் குறித்து வையுங்கள். "அவசரமில்லை" என்று சேர்த்து எழுதினாலும் உங்கள் இரவுச் செய்தி எட்டு வீடுகளில் வெளிச்சம் போடும்.

லீவு விடயத்தில் உங்களோடு முழுமையாக முரண்படுகிறேன். ரிலீசுக்குப் பிறகு ஒரு வாரம் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் பொய். ரிலீஸ் வெளியான வாரத்தில்தான் பிழைகள் வரும், வாடிக்கையாளர் கூப்பிடுவார், முதல் எண்கள் வந்து சேரும். அந்த வாரத்தில் நீங்கள் எங்கேயும் போக மாட்டீர்கள், போனாலும் லெப்டொப்போடு போவீர்கள். தோட்டத்துக் கவ்வாத்தை நினைத்துப் பாருங்கள். தேயிலைச் செடியை நான்கைந்து வருடத்துக்கொரு முறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிறார்கள். இலை ஒன்றுமில்லாத அந்தச் செடி மறுபடி துளிர்ப்பது வேரில் சேர்த்து வைத்திருக்கும் மாச்சத்தைக் கொண்டுதான். அதனால், வெட்டுவதற்கு முன்பே வேரில் ஒரு துண்டை எடுத்து அயடின் விட்டுப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. கருநீலமாக மாறினால் மாச்சத்து இருக்கிறது, வெட்டலாம். மாறாவிட்டால் கொழுந்து எடுப்பதை நிறுத்திச் சில வாரம் செடியை விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் கவ்வாத்துக்குப் பிறகு செடி காய்ந்துபோகும். செயின்ட் கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தை வைத்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரரான உங்களுக்கு இதை நான் சொல்வது அதிகப்பிரசங்கம்தான். ஆனாலும் கேட்கிறேன்: மார்ச் கடைசியில் வெட்டு விழப்போகிற செடிக்கு ஓய்வு எப்போது வேண்டும்?

ஆகவே லீவைப் பெப்ரவரியிலேயே எடுங்கள். 1954 ஆம் ஆண்டின் கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம், இரண்டாம் வருடத்திலிருந்து உங்களுக்கு 14 நாள் வருடாந்த லீவு தருகிறது. அதில் ஏழு நாளாவது தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருப்பதுதான். நீங்கள் கேட்கப்போவது சலுகை அன்று. சாதாரண வேலை வாரம் 45 மணித்தியாலம் என்பதும் அதே சட்டம்தான். உங்கள் 58 ஐ இன்னொரு எண்ணோடும் வைத்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021 இல் வெளியிட்ட ஆய்வு, வாரத்துக்கு 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல் என்று சொல்கிறது. பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. "கொஞ்சம் கூடத்தான் செய்கிறேன்" என்று நீங்கள் கடிதத்தில் எழுதியிருந்ததால் எழுதுகிறேன். அது கொஞ்சம் அன்று.

வீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். லெப்டொப்பை மூடிவிட்டு அடுப்படிக்குப் போவது ஓய்வு ஆகாது. அது இன்னொரு பிரட்டு. நம் அம்மாமார்களின் நாள் மடுவத்தில் முடியாமல் போனதும் இதனால்தான். மலையில் எடுத்த கொழுந்துக்குத் தராசு இருந்தது, வீட்டில் சுமந்த தண்ணீருக்கு இருக்கவில்லை. ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிற தம்பிக்குச் சோறு வடிக்கத் தெரியாது என்றால் பழக்குங்கள். குறைந்தது செவ்வாயும் வியாழனும் இரவுச் சமையல் அவருடையதாக இருக்கட்டும். இதைக் கேட்பது நிறுவனத்தில் லீவு கேட்பதைவிடக் கடினம் என்பது எனக்குத் தெரியும். என் வீட்டில் இதற்கு இரண்டு வருடம் எடுத்தது, இடையில் ஒரு தீபாவளிச் சண்டையும் நடந்தது. முன்னறையில் நீங்கள் வேலை செய்யும் மேசையை மாற்ற இடமில்லை என்றால், ஆறு மணிக்கு மேல் அதன்மீது ஒரு துணியாவது போட்டு மூடிவிடுங்கள். சின்ன விடயம்தான், ஆனால் ஒரே அறையில் உண்டு, வேலை பார்த்து, உறங்கும் வீட்டில் கண்ணுக்கும் ஒரு கதவு வேண்டும்.

மேலதிகாரியிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். "களைப்பாக இருக்கிறது" என்று தொடங்க வேண்டாம். அது உண்மைதான், ஆனால் அதற்கு அவர் அனுதாபம் மட்டுமே தர முடியும். கொப்பியை ஒரு மாதம் எழுதிய பிறகு அதைக் காட்டிப் பேசுங்கள்: இத்தனை தீர்மானங்கள் காலையில் எடுத்தவை, இத்தனை இரவில் எடுத்தவை, இரவில் எடுத்தவற்றில் இத்தனையை மறுநாள் மாற்ற வேண்டி வந்தது. இது அவருக்கும் புரிகிற மொழி. உங்கள் நிறுவனம், மென்பொருளைச் சிறு சிறு கட்டங்களாக உருவாக்கும் அஜைல் முறையில் வேலை செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த முறைக்கு அடிப்படையான கோட்பாடுகளை 2001 இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 பேர் வகுத்தார்கள். செலவிடுபவரும் உருவாக்குபவரும் பாவனையாளரும் ஒரே சீரான வேகத்தைக் காலவரையின்றித் தாங்கிக்கொண்டு போக முடிய வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. இரண்டு வாரத்துக்கொரு ஸ்பிரிண்ட், அதாவது ஒரு குறுகிய வேலைக்கட்டம், என்று வாய் ஓயாமல் சொல்பவர்கள், அதே கோட்பாட்டின் இந்த வரியை ஏனோ நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

வேறு வேலை தேடுவது பற்றி இப்போது தீர்மானிக்க வேண்டாம். களைத்த நிலையில் எடுக்கும் தீர்மானம் என்று மேலே நான் எழுதியது இதற்கும் பொருந்தும். லீவு எடுத்து வந்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, இரண்டு மாதம் பாருங்கள். அதன் பிறகும் ஒன்றும் மாறவில்லை என்றால் அது அந்த நிறுவனத்தின் குணம், தொழிலின் குணம் அன்று. தொழிலை விடாமல் நிறுவனத்தை மாற்றுங்கள். கொழும்புக்குக் குடிபோவது இதைத் தீர்க்காது. கலிபோர்னியாவுக்கும் வெள்ளவத்தைக்கும் இடையிலும் அதே நேர வித்தியாசம்தான், வாடகை மட்டும் கூடும்.

ஒரேயொரு இடத்தில் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் பதினோராவது பதிப்பில், வேலையால் வரும் சோர்வுநிலைக்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகி எல்லாவற்றிலும் கசப்பு வருதல், நம்மால் எதுவும் ஆகாது என்ற உணர்வு. அதை அவர்கள் நோய் என்று வகைப்படுத்தவில்லை, வேலை சார்ந்த நிலை என்கிறார்கள். உங்கள் கடிதத்தில் முதலாவது தெளிவாகத் தெரிகிறது, மற்ற இரண்டும் அவ்வளவாகத் தெரியவில்லை. ஆனால் லீவுக்குப் பிறகும் தூக்கம் வராமல், வேலை தவிர்ந்த விடயங்களிலும் பிடிப்பில்லாமல், வாழ்வதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், கொப்பியையும் கலண்டரையும் விட்டுவிட்டு வைத்தியரைப் பாருங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம்.

கடைசியாக அந்தப் பத்தரை மணிக் கூட்டம். கலிபோர்னியாவில் காலை ஒன்பது என்பது இப்போது நமக்கு இரவு பத்தரை. மார்ச் மாத இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளுவார்கள். அன்றிலிருந்து நவம்பர் தொடக்கம்வரை அதே கூட்டம் நமக்கு ஒன்பதரைக்கு வரும். எப்படியும் எல்லோருடைய கலண்டரும் அசையப்போகிறது, அதனால் நேரத்தை மாற்றக் கேட்பதற்கு வருடத்தில் இதைவிடப் பொருத்தமான வேளை இல்லை. இரண்டு கூட்டங்களில் ஒன்றை எழுத்து மூலமான அறிக்கையாக மாற்றலாமா என்று முதலில் கேளுங்கள். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் பெரும்பாலும் நீங்கள்தான் பேசுகிறீர்கள் என்றால் அது கூட்டமே அன்று, வாசித்துக் காட்டும் அறிக்கை. மற்றதை மாறி மாறி வைக்கச் சொல்லுங்கள்: ஒரு வாரம் அவர்களுடைய காலை ஒன்பது, அதாவது உங்களுடைய இரவு ஒன்பதரை, அடுத்த வாரம் அவர்களுடைய மாலை ஐந்தரை, அதாவது உங்களுடைய மறுநாள் காலை ஆறு. காலை ஆறு மணி நம் வீடுகளில் யாருக்கும் புதிதில்லை. அம்மா அந்த நேரத்துக்கு எப்படியும் எழும்பித் தேத்தண்ணீர் வைத்திருப்பார். கேட்டு எழுதும் மின்னஞ்சலை லீவுக்குப் போவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். அவர்கள் தங்களுக்குள் பேசி முடிக்க உங்கள் லீவு வாரம் போதும்.

அன்புடன்,
அக்கா